ஈறுநோயும் ஒளி மருத்துவமும்



ஈறுநோய்க்குச் சில பல் மருத்துவமனைகளில் துணையாகத் தரப்படும் ஒளி மருத்துவத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

முதற்கண் நோயை அறிவோம். பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அகற்றாவிடில் அது இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கும், பல் துலக்குகையில் இரத்தம் கசியும். நோய் முற்றினால் ஈறு பல்லைவிட்டு விலகிக் குழிகள் தோன்றும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். இறுதியில் பல் ஆடி விழும். புகையிலையும் கட்டுப்படாத நீரிழிவும் இக்கேட்டை விரைவுபடுத்தும்.

காரையைச் சுரண்டி எடுத்து, பல்லின் வேரைத் தூய்மை செய்வதே அடிப்படை மருத்துவம். அதற்குப் பின்னரே ஒளி வருகிறது. மெத்திலீன் நீலம் போன்றதொரு சாயத்தைக் குழிக்குள் இடுவர். அது பாக்டீரியாக்களைப் பற்றிக்கொள்ளும். பின்பு, ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியைப் பாய்ச்சுவர். சாயம் அவ்வொளியின் ஆற்றலை ஏற்று ஆக்சிஜனுக்கு அளிக்கும். கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் பாக்டீரியாவை அழிக்கும். இவ்வுண்மையின் வித்து மியூனிக் நகரில் முளைத்தது. பேராசிரியர் டாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், சாயம் கலந்த நீரிலிருந்த ஒருசெல் உயிர்கள் ஒளி பட்டதும் மடிவதைக் கண்டு 1900இல் வெளியிட்டார்.

கொள்கை அழகியது, பயன் எத்துணை? 2020இல் ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு, இதனைத் துணை மருத்துவமாகக் கைக்கொள்ள வேண்டாமெனக் கருத்துரைத்தது. ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய காக்ரேன் அமைப்பும் 2024இல், சான்றுகள் உறுதி குன்றியவை என்றும், நன்மை இருப்பினும் அது நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க அளவில் இராமற்போகலாம் என்றும் கூறியது.

ஆகவே, கூலி உழைப்பில் வாழும் குடும்பத்தினர் ஒளிக்கெனக் கடன் வாங்க வேண்டுவதில்லை. ஈற்றில் இரத்தம் கண்டவுடனே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லுங்கள். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" எனும் பேச்சை நம்பாதீர்கள். எலும்பை நோய் முன்னரே கரைத்துவிட்டது. காரை மறைத்திருந்த அந்நிலை, அது நீங்கியபின் தெரிகிறது, அவ்வளவே. காலையும் இரவும் பல் துலக்குங்கள், புகையிலையை விடுங்கள்.

இளைஞர்களே! புதிய கருவியைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். "இதனால் கூடுதலாக என்ன பயன்? அதற்குச் சான்று யாது?" என மருத்துவரிடம் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அவ்வாறு கேட்க வைப்பதே கல்வி.