பொற்கொல்லன் சொல்லும் கண்ணகி சொல்லும்



பொய் சொல்பவர் தடுமாறுவார், முகம் பார்த்துப் பேச அஞ்சுவார் என்று பலரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் உளவியல் அறிஞர்கள் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பிறர் பேச்சைக் கேட்டு மெய்யா பொய்யா எனத் தீர்மானிப்பவர்கள் நூற்றுக்கு 54 முறையே சரியாகச் சொல்கின்றனர். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 முறை சரியாகும்!

அப்படியாயின், எதைக் கவனிப்பது? சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இரண்டு பேச்சுகளைக் காட்டுகிறார்.

முதலாவது பொற்கொல்லனுடையது. கன்னக்கோல் முதலிய கருவி எதுவுமின்றி, மந்திரத்தால் காவலரை உறங்கச் செய்து சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். கருவி எங்கே என்று எவரும் கேட்குமுன்பே விடை கூறிவிடுகிறான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகின்றனர். அதற்கு அவன் நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டினையும் விரிக்கிறான்; பண்டைக் கள்வன் ஒருவனின் கதையையும் சொல்கிறான். கோவலன் திருடியதை யார் கண்டார், எப்போது கண்டார் என்பதற்கு அப்பேச்சில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது கண்ணகியுடையது. அவள் விரித்த கூந்தலும் கண்ணீரும் சினமுமாக நிற்கிறாள். ஆயினும் ஊர், கணவன் பெயர், மாமன் பெயர், மதுரைக்கு வந்த காரணம், தன் பெயர் ஆகியவற்றை முறையாகக் கூறுகிறாள். இறுதியில், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அவள் சொல்லை அவ்விடத்திலேயே உடைத்துப் பார்க்கலாம், பார்த்தனர்.

ஆல்டர்ட் வ்ரை முதலிய இக்கால ஆய்வாளரும் இவ்வேறுபாட்டையே ஆராய்ந்துள்ளனர். மெய்யுரைப்போர் சரிபார்க்கத்தக்க விவரங்களை மிகுதியாகத் தருகின்றனர். பொய்யுரைப்போர் சரிபார்க்க இயலாதவற்றையே பெரிதும் நாடுகின்றனர்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். அச்சத்தாலோ மறதியாலோ உண்மையாளரும் விவரம் குறைத்துப் பேசக்கூடும். ஆகவே இவ்வடையாளம் தீர்ப்பு வழங்குவதற்குப் போதாது. அடுத்த கேள்வியைக் கேட்கத் தூண்டுவதே அதன் பயன். பாண்டியன் அக்கேள்வியைக் கேட்கவில்லை. சிலம்பு கையில் இருந்தால் கொல்க என்றான். அது கோவலன் கையில் இருப்பதைப் பொற்கொல்லன் முன்பே அறிவான்! பொய்யனுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றைச் சோதனையாக வைத்ததே மன்னனின் பிழை.

அதனால் கோவலன் வெட்டுண்டான். மன்னனும் தேவியும் மாண்டனர். அடைக்கலம் காத்த மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார்.

குடும்பத்திலோ ஊர்ப் பொதுக்காரியத்திலோ ஒருவர்மீது பழி கூறப்படும்போது, கூறுபவரின் முகத்தை ஆராய்வதை விடுத்து, ஒரு வினாவைக் கேளுங்கள்: "நீங்கள் சொல்வதில் நாம் சென்று பார்த்து அறியக்கூடியது எது?" விடை கிடைக்கும்வரை பழி சுமந்தவரைக் குற்றவாளி என்று அழையாதிருப்பது நம் கடமை.