ஒரு வளையம், இரு பொருள்: கெல்டிக் சிலுவை கடந்து வந்த பாதை



தண்டும் குறுக்குக் கையும் சந்திக்கும் இடத்தை ஒரு வளையம் சூழ்ந்து நிற்பதே கெல்டிக் சிலுவையின் வடிவமாகும். மேற்கு நாடுகளில் வாழ்வோர் இதனைக் கல்லறைத் தோட்டங்களிலும் காண்பர், சுவர்க் கிறுக்கல்களிலும் காண்பர். இவ்விரண்டும் ஒரே பொருள் உடையன அல்ல. இவ்வேறுபாட்டை அறிவது புலம்பெயர் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகும்.

இச்சிலுவைகள் 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் மடாலயங்களிலும் ஸ்கொட்லாந்தின் அயோனாத் தீவிலும் கல்லில் எழுந்தன. அயர்லாந்தின் மொனாஸ்டர்பொய்சில் உள்ள மூய்ரெடாக் சிலுவை ஏறத்தாழ 5.5 மீற்றர் உயரமுடையது. ஆதாம் ஏவாள் கதை முதல் இறுதித் தீர்ப்பு வரை விவிலியக் காட்சிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன.

புனித பற்றிக் சூரிய வட்டத்தையும் சிலுவையையும் இணைத்தார் என்பது மரபுக்கதை. ஆனால் அவர் வாழ்ந்ததோ 5ஆம் நூற்றாண்டு. பாரமான கற்கைகளைத் தாங்கவே வளையம் அமைக்கப்பட்டது என ஆய்வாளர் சிலரும், அது வெற்றி மாலையின் குறி என வேறு சிலரும் கருதுகின்றனர்.

19ஆம் நூற்றாண்டில் இவ்வடிவம் அயர்லாந்து மக்களின் தேசிய அடையாளமாக மறுபிறப்பு எடுத்தது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறியோர் இதனைத் தம்முடன் கொண்டு சென்றனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குரோஸ் தீவின் நோய்த்தடுப்பு நிலையத்தில் 1847இல் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலால் மாண்டனர். அவர்களுக்காக 1909இல் அங்கே ஒரு மாபெரும் கெல்டிக் சிலுவை நாட்டப்பட்டது. ஆங்கிலக் கல்வெட்டு அவர்களின் துயரத்தை மட்டுமே கூறுகின்றது. ஐரிஷ் மொழிக் கல்வெட்டோ, அந்நியரின் கொடுங்கோன்மையையும் செயற்கைப் பஞ்சத்தையும் வெளிப்படையாகச் சாடுகின்றது. தாய்மொழியை வாசிக்கத் தெரிந்தவருக்கே முழு வரலாறும் கிட்டியது.

20ஆம் நூற்றாண்டில் இச்சின்னம் வேறு கைகளுக்குச் சென்றது. 1949இல் பிரான்சில் உருவான 'இளைய தேசம்' என்னும் தீவிர வலதுசாரி இயக்கம், வட்டத்துள் அடங்கிய குறுங்கைச் சிலுவையைத் தன் இலச்சினையாக்கியது. பின்னர் அது வெள்ளை இனவெறிக் குழுக்களிடையே பரவியது. யேர்மனியில் அதனைப் பயன்படுத்திய ஒரு கட்சி 1982இல் தடைசெய்யப்பட்டது. அச்சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது பொதுவாகக் குற்றமே என்றும், தீங்கற்ற சூழல் தெளிவாகத் தெரியும் இடங்களில் விலக்கு உண்டு என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, வடிவத்தையும் இடத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். நீண்ட தண்டும் பின்னல் வேலைப்பாடும் கொண்டு கல்லறையில் நிற்பது நினைவுச் சின்னம். அதனைக் கழுத்தில் அணிந்த ஐரிஷ் மாணவனை ஐயுறுவது அநீதி. வட்டத்துள் கூட்டற்குறி போன்ற வடிவம் இனவெறி வாசகங்களுடன் வந்தால், அது அச்சுறுத்தல். வீட்டுக் கதவிலோ பள்ளிச் சுவரிலோ அது கீறப்பட்டிருந்தால், அழிப்பதற்கு முன் படம் எடுத்துப் பள்ளிக்கும் காவற்றுறைக்கும் அறிவித்தல் வேண்டும். பிள்ளை அதனைக் கண்டு வந்து கூறும்போது, பெற்றோர் செவிமடுத்தல் வேண்டும்.

பஞ்சத்தில் மாண்ட ஏதிலிகளின் நினைவாக நின்ற ஒரு சின்னம், இன்றைய ஏதிலிகளை விரட்டும் குறியாகவும் ஆக்கப்பட்டமை வரலாற்றின் முரண். அதன் முதற்பொருளை அறிந்தோர் பெருகப் பெருக, வெறுப்பாளர் அதற்கு உரிமை கோருவது கடினமாகும்.