கடப்புறத்துப் பிள்ளைகளுக்கு யார் கதையைச் சொல்வது?



கச்சான் காற்று எப்போது அடிக்கும், கொண்டல் காற்று எப்போது எழும் என்று குமரிக் கடற்கரையில் நம் கடியப்பட்டணத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுப் பேச்சிலேயே அது வந்துவிடும். ஆனால், அந்தக் காற்றை அளக்கும் கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர்களில் ஒரு பெண் உண்டே, அவர் பெயர் இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். அந்நாளில் பீர்மேடும் திருவிதாங்கூர், கடியப்பட்டணமும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் இரண்டு ஊராரும் ஒரே அரசின் குடிகள்.

எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரக் கம்மல் கொடுத்தார்கள். கம்மல் வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்றாள் அந்தச் சிறுமி. அன்னா மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கதையை விடுவதில்லை. நல்ல கதைதான், சொல்லட்டும். ஆனால் அதோடு புத்தகத்தை மூடிவிடலாமா? கம்மலை மறுத்தவர் வளர்ந்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம் எப்படி ஒளிர்கிறது என்று ஆராய்ந்தார். 1945இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி வந்து வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை நம்பியிருந்த காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, இங்கேயே செய்யும்படி ஆக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நாட்டில் எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்ற கணக்கை 1983இல் நூலாகக் கொண்டுவந்தார். முப்பந்தல் வழியாகப் பேருந்தில் போகும் பிள்ளை, சுற்றுகிற காற்றாலைகளைப் பார்க்கும்போது இந்தப் பெயரும் நினைவுக்கு வர வேண்டாமா?

அடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொருவர், மேரி புன்னன் லூக்கோஸ். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவர் அறிவியல் படிக்கக் கேட்டார். பெண் என்பதால் இடம் தரவில்லை. வரலாறு படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போய் 1915இல் மருத்துவரானார். ஊர் திரும்பி, தைக்காட்டில் பெண்கள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார்.

அங்கே அவர் செய்த காரியம் ஒன்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர மக்கள் பயந்தார்கள். ஊர் மருத்துவச்சிகளோ, தங்கள் பிழைப்புப் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். மேரி அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை; அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். 1938இல் திருவிதாங்கூர் சுகாதாரத் துறைக்கே தலைவரானார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை வந்ததும் அவரால்தான்.

மூன்றாமவர் ஒரு மேடைப் பேச்சாளரை மடக்கியவர். 1928இல் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம். பெண்களுக்கு அரசு வேலை எதற்கு, குடும்பம் கெட்டுப்போகும் என்று ஒரு பெரியவர் அடுக்கிக்கொண்டே போனார். சட்டம் படித்த இளம்பெண் ஒருவர் மேடையேறி, நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். அவர்தான் அன்னா சாண்டி. 1937இல் முன்சீப், 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி.

‘முதல் பெண் மருத்துவர்’, ‘முதல் பெண் நீதிபதி’ என்று ஒரு வரியும் ஒரு படமும் போட்டு, பொது அறிவு வினாவிடையாக இவர்களைச் சுருக்கிவிடுகிறோம். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும், பரீட்சை முடிந்ததும் மறக்கும். கதவை யார் சாத்தினார்கள், யார் திறந்துவிட்டார்கள், அன்றாடம் என்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் இருந்தால்தான் அது வாழ்க்கை வரலாறு. அப்படி ஒரு நூலும் இருக்கிறது: பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமி 2008இல் ‘லீலாவதியின் புதல்விகள்’ என்று பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டது. ஏறக்குறைய நூறு பெண் விஞ்ஞானிகள் அதில் இருக்கிறார்கள். பலர் தங்கள் கதையைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். சலிப்பும் தோல்வியும் மறைக்கப்படாத கதைகள் அவை.

கடலுக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. புதுச்சேரிப் பெண் ரூபா, கோழிக்கோட்டுப் பெண் தில்னா, இருவரும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் ஏறியவர்கள், உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கரை சேர்ந்தார்கள். படகில் மூன்றாவது ஆள் கிடையாது. திருச்சூர் பக்கம் சேட்டுவாவில் ரேகா என்ற தாய், கணவரோடு ஆழ்கடலுக்குப் போய் மீன்பிடித்தவர், அதற்கு உரிமமும் பெற்றவர்.

ஆகையால் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இரண்டு வேண்டுகோள். பரிசு கொடுக்கும்போது எவர்சில்வர் டம்ளருக்குப் பதிலாக இப்படிப்பட்ட பெண்களின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் ஒன்று கொடுங்கள். பையன்களுக்கும் கொடுங்கள், அன்னா மணியைப் படித்த பையன், தங்கை மேலே படிக்கக் கேட்டால் குறுக்கே நிற்க யோசிப்பான்.

இரண்டாவது, பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மீன் சுமந்து சந்தைக்கு நடந்த பாட்டிமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். எந்தச் சந்தை, எத்தனை மைல், அன்று மீன் என்ன விலை, பேருந்தில் ஏற்றினார்களா, வரும் காசை யார் கையில் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அதை அவர்களே, அந்தப் பாட்டிமாரை முன்வரிசையில் உட்காரவைத்து, வாசிக்கட்டும்.