கேன்ஸ் நகரத்து மனைச் சந்தையும் மனிதப் பரிச்சயமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மனைத்தொழில் செய்யும் நம் நகரத்தார் இளைஞர் இருவரைச் சங்க நிதியைக் கொண்டு பிரான்சு தேசத்துக் கேன்ஸ் நகரில் வருஷந்தோறும் கூடும் மனைத்தொழில் மகாநாட்டுக்கு அனுப்பலாமா என்னும் பிரேரணை காரியக் கமிட்டியின் முன் இருக்கின்றது. "அங்கே போய் என்ன செய்வார்கள்? விருந்துண்டு, கைகுலுக்கி, கடற்கரையிற் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அப்பணத்தை உபகாரச் சம்பளமாகக் கொடுத்தால் நான்கு பிள்ளைகள் படிப்பார்களே" என்று முதியோர் சிலர் ஆட்சேபிக்கின்றனர். ஆட்சேபம் அற்பமானதன்று. விடை கூறுமுன் அம்மகாநாட்டின் இயல்பை நாம் அறிதல் வேண்டும்.

மிபிம் எனப் பெயர் வழங்கும் அது 1990-ம் வருஷத்தில் தொடங்கிற்று. சாதாரணமாக மார்ச்சு மாதத்தில் நான்கு நாள் நடைபெறும். மே மாதத்திற் சினிமாக்காரர் கூடும் அதே மாளிகையே இதற்கும் இடம். ஏறக்குறைய 75,000 மக்கள் வாழும் அவ்வூருக்கு 2019-ல் 26,000-க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்து சேர்ந்தனர். 2020-ல் கொள்ளைநோயினால் மகாநாடு கைவிடப்பட்டது. 2021-ல் செப்டம்பர் மாதத்திற் சுருக்கமாக நடந்தது. மறுவருஷம் பழையபடி மார்ச்சுக்குத் திரும்பியது. நம் ஊர்களில் வீட்டுக் கண்காட்சி நடத்துகிறார்களே, அதுபோலக் குடும்பத்தோடு சென்று அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்து வரும் இடம் அன்று அது. நிலம் உடையோர், கட்டுவோர், கடன் கொடுக்கும் வங்கியார், ஓய்வூதிய நிதிகளை நிர்வகிப்போர், கட்டடச் சிற்பிகள், வக்கீல்கள், நகரத் தலைவர்கள் ஆகியோர் தமக்குள் சந்திக்கும் இடமாகும். லண்டன், பாரிஸ், மாஞ்செஸ்டர் முதலிய நகரங்கள் தத்தமக்கு அரங்கு அமைத்து, முதல் போடுவோரை வாயிலில் நின்று அழைக்கின்றன. கலியாண வீட்டு வாசலிற் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் சம்பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயின், அங்கே கிரயம் முடிவது அபூர்வம். மூலபத்திரம் பார்த்து, வில்லங்கம் பார்த்து, பணத்துக்கு வழிபார்த்து முடிக்க வேண்டிய காரியம் நான்கு நாளில் நடக்குமா? அங்கே நடப்பது முகம் பார்த்தல் ஒன்றே. அண்மை வருஷங்களில் அனுமதிக் கட்டணம் மாத்திரம் ஒருவருக்குச் சுமார் 2,000 யூரோ. அதைச் செலுத்தாமலே வந்து, குருவாசெட் என்னும் கடற்கரைச் சாலையின் காப்பிக் கடைகளிலும் விடுதிகளின் முன்கூடங்களிலும் அமர்ந்து, காண வேண்டியவரைக் கண்டு செல்வோரும் பலர். உல்லாசப் படகுகளை வாடகைக்கு அமர்த்தி விருந்து வைப்பாரும் உண்டு. அப்படகுகள் பெரும்பாலும் கரையை விட்டு அசைவதே இல்லை! கட்டணம் கொடுத்தவரும் கொடாதவரும் ஒன்றையே தேடுகின்றனரெனில், அங்கே சரக்கு எதுவென்பது விளங்கும். பரிச்சயமே சரக்கு.

இதனை வீண் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்க சமூக சாஸ்திரி, பாஸ்டன் நகருக்கு அருகே புதிதாக உத்தியோகம் பெற்றவர்களை விசாரித்து, 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிந்தவர் வாயிலாக உத்தியோகம் பெற்றவருள், அச்செய்தி சொன்னவரை அடிக்கடி காண்போர் 100-க்கு 17 பேருக்கும் குறைவு. எப்போதாவது காண்போர் 55 பேருக்கு மேல். அரிதிற் காண்போர் 27 பேருக்கு மேல். நெருங்கிய உறவினர் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். சற்றே பழகியவர்தாம் நாம் அறியாததைக் கொண்டுவருவர் என்பது அவர் கண்ட உண்மை.

நம் சமூகத்தார்க்கு இது உறைக்க வேண்டிய செய்தி. நம் முன்னோர் வியாபாரத்தில் ஒருவரோடொருவர் கூடி வாழ்ந்த திறம் உலகறிந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் ஒரே கூடத்திற் பல விலாசக்காரர் பெட்டிகளை அடுத்தடுத்து வைத்துத் தொழில் நடத்தினர். இரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிச்சயித்தனர். விலாசத்தைச் சொன்ன மாத்திரத்தில் உண்டியல் செல்லும். அந்நம்பிக்கைக்கு நிகர் வேறில்லை. எனினும் அவ்வட்டத்துக்குள் வந்த செய்திகளும் ஒரே வகையினவாகவே இருந்தன. எல்லாரும் ஒரே நெல் வயலை நம்பிக் கடன் கொடுத்தனர். 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கியோர் பணத்துக்குப் பதில் நிலத்தையே விட்டுச் சென்றனர். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் 100-க்கு 6 பங்காக இருந்த நம்மவர் நிலம் 1938-ல் 25 பங்காயிற்று. விரும்பிப் பெற்ற நிலமன்று. தலையிற் சுமத்தப்பட்ட நிலம். 1948-ல் பர்மா அரசாங்கம் நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் இயற்றியது. இழப்புக்குக் காரணம் பல உண்டு. யுத்தமும் அரசியலும் நம் கையில் இருந்தன அல்ல. ஆயினும், பர்மியக் குடியானவரோடும் கற்றவரோடும் நாம் கொடுக்கல் வாங்கலுக்கு அப்பாலும் பழகியிருந்தால், அந்நாட்டார் மனநிலை நமக்கு முன்னரே எட்டியிருக்குமென்று நான் எண்ணுகிறேன்.

ஆதலால் அனுப்புக என்பதே என் கட்சி. ஆனால் எப்படிப் பழகுவது என்பதைச் சொல்லாமல் அனுப்புதல் கூடாது. ஒருவர் தோளுக்கு மேலே மற்றொரு பெரிய மனிதரைத் தேடிக்கொண்டே பேசுவது அங்கே பரவியுள்ள நோய். சீட்டுக்கட்டைப் பங்கிடுவதுபோல விலாசச் சீட்டுகளை வீசி வருவோர் ஊர் திரும்பியதும் எந்தச் சீட்டு யாருடையது என்று அறியாமல் விழிப்பர். நான்கு நாளிற் பத்துப் பேரிடம் மனமாரப் பேசி, அவர் தொழிலைக் கேட்டறிந்து, ஒரு வாரத்துக்குள் கடிதம் எழுதினால் போதும். 2006 முதல் மனைத்தொழிலார் சிலர் லண்டனிலிருந்து கேன்ஸ் வரையில் சுமார் 1,500 கிலோமீட்டரைச் சைக்கிளிற் கடந்து தருமத்துக்குப் பணம் திரட்டி வருகின்றனர். ஆறு நாள் மழையிலும் மேட்டிலும் ஒருவர் பக்கத்தில் மிதித்தவரை அறிவதுபோல விருந்தில் அறிய முடியுமா?

மதுபானமும் இரவு விருந்தும் இல்லாமற் பழக முடியாதென்பார் கூற்றை நான் ஏற்கேன். காலைச் சிற்றுண்டி வேளையே நல்ல வேளை. தவிரவும், தொழிற்பேச்சை இரவுக் கேளிக்கையில் வைத்தால் பெண்கள் புறத்தே நிறுத்தப்படுவர். 2018 ஜனவரியில் லண்டனில் பிரசிடென்ட்ஸ் கிளப் என்னும் தரும ஸ்தாபனம் ஆண்களுக்கு மட்டும் நடத்திய விருந்தில், பரிமாறவும் உடனிருக்கவும் அமர்த்தப்பட்ட பெண்கள் அவமதிக்கப்பட்ட செய்தியைப் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. மனைத்தொழிற் செல்வர் பலர் அவ்விருந்தில் இருந்தனர். ஸ்தாபனமே மூடப்பட்டது. நம் பெண்மக்கள் இத்தொழிலில் இறங்கியிருக்கும் இக்காலத்தில் இதனை மறைத்துப் பேசுதல் தகாது.

மற்றொன்று. 2014 அக்டோபரில் இதே மகாநாட்டின் கிளை லண்டன் ஒலிம்பியாவிற் கூடியபோது, குடியிருக்க வீடின்றித் தவிப்போர்க்காக வாதாடுவோர் வாயிலில் நின்று ஆர்ப்பரித்தனர். உள்ளே நிலத்தைப்பற்றிப் பேசுவோர் வெளியே நிற்பவரோடும் பழக வேண்டும். பர்மா கற்பித்ததும் அதுவே அன்றோ?

கமிட்டியின் முன் என் திருத்தங்களை வைக்கிறேன். செல்லும் இருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். அவ்விருவரே தொடர்ந்து மூன்று வருஷம் செல்லல் வேண்டும். முதல் வருஷம் கண்ட முகம் மூன்றாம் வருஷத்திலேதான் நம்பும். வழிச்செலவிற் பாதியை அவர்களே ஏற்க. அங்கே நம்மவரோடு மட்டும் ஒரு மேசையில் அமர்ந்து உண்பதில்லை என்று எழுதிக்கொடுக்க. திரும்பிய ஒரு மாதத்துக்குள், யாரைக் கண்டோம், என்ன கற்றோம் என்பதை இச்சபையில் வாசிக்க. உபகாரச் சம்பள நிதியில் ஒரு காசும் தொடலாகாது. இதற்கெனத் தனியே சந்தா சேர்த்தல் வேண்டும். என் பங்கைக் காரியதரிசியிடம் கொடுத்து ரசீதும் பெற்றுவிட்டேன். முதியோர் இனித் தம் ஆட்சேபத்தைச் சொல்லலாம்.