உறுதி எழுதுற மாதிரி எழுதுங்கோ

நெல்லியடியில இருந்து கதைக்கிறன். இண்டைக்கு சாப்ட்வெயர் டெஸ்டிங் வேலையில இருக்கிற பிள்ளையளோடயும், அந்த வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளையளோடயும் கொஞ்சம் கதைக்க வேணும். க்யூஏ எண்டு சொல்லுறம். கரவெட்டியிலயும் துன்னாலையிலயும் பருத்தித்துறையிலயும் வீட்டு அறைக்குள்ள இருந்துகொண்டே கொழும்புக் கொம்பனிக்கும் வெளிநாட்டுக் கொம்பனிக்கும் இந்த வேலை செய்யிற பிள்ளையள் இருக்கினம். அவையள் என்னட்டக் கூடுதலாக் கேக்கிறது, எந்த டூல் படிக்கிறது எண்டுதான். செலீனியமா, பிளேரைட்டா எண்டு. படியுங்கோ, ரெண்டும் நல்லது. ஆனா இந்த வேலையில உங்களைத் தூக்கி நிறுத்தப்போறது நீங்கள் எழுதி வைக்கிற எழுத்து. அதைப் பற்றி ஆரும் சொல்லித் தாறேல்லை எண்டதாலதான் நான் வந்தனான்.

எங்கட ஆக்களுக்கு எழுத்தின்ர அருமை புதுசில்லை. வீட்டில பழைய காணி உறுதி ஒண்டு இருந்தா எடுத்து வாசிச்சுப் பாருங்கோ. காணியின்ர பேர், எத்தினை பரப்பு, எத்தினை குழி, கிழக்கில ஆர்ட காணி, வடக்கில ஒழுங்கையா வேலியா, கிணத்தில எவ்வளவு பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்ன, எல்லாம் கிடக்கும். விக்கிறவருக்கு அந்தக் காணி தெரியும். வாங்கிறவருக்கும் தெரியும். ஆனா நொத்தாரிசு அவை ரெண்டு பேருக்காக எழுதேல்லை. ஐம்பது வருசத்துக்குப் பிறகு, அந்த வளவை ஒரு நாளும் மிதிக்காத ஒரு பேரப்பிள்ளை வந்து அந்தத் தாளைக் கையில வைச்சுக்கொண்டு எல்லையைத் தேடும். அந்தப் பிள்ளைக்காக எழுதினவர். டெஸ்ட் கேஸையும் பக் ரிப்போர்ட்டையும் நீங்கள் அப்பிடி எழுத வேணும்.

என்ர முதல் வேலையில நான் எழுதின ரிப்போர்ட் ஒண்டு சொல்லுறன். "லொகின் வேலை செய்யேல்லை." அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில திரும்பி வந்தது, என்னட்ட வேலை செய்யுது எண்டு. திருப்பி அனுப்பினன், திருப்பி வந்தது. மூண்டு நாள் இப்பிடியே போச்சு. எனக்கும் கோவம், அந்த டெவலப்பருக்கும் கோவம். கடைசியாப் பார்த்தா, நான் ஒவ்வொரு தரமும் பாஸ்வேர்ட்டை ஒரு பைலில இருந்து கொப்பி பண்ணி ஒட்டினனான். ஒட்டேக்க பின்னால ஒரு வெறும் இடமும் சேர்ந்து வந்திருக்கு. அவர் கையால அடிச்சவர், அதால அவருக்குப் பிழை வரேல்லை. "ஒட்டினன்" எண்ட ஒரு சொல்லை நான் எழுதியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். வேலை செய்யேல்லை எண்டது நான் குடுத்த தீர்ப்பு. நான் எழுதியிருக்க வேண்டியது தீர்ப்பில்லை, சாட்சியம். கையால என்ன செய்தன், என்ன வருமெண்டு எதிர்பார்த்தன், கண்ணில என்ன கண்டன், எந்த போனில, எந்த பிரவுசரில, எத்தினை மணிக்கு.

எதிர்பார்த்ததை முன்னமே எழுதிப்போடுங்கோ. ஓட்டிப் பார்த்த பிறகு எழுதினா, திரையில வந்ததுதான் சரி எண்டு மனம் தானாச் சொல்லும். எங்கட அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்கோ. ஒரு படிவத்தில அதை அடிக்க, பிறந்த திகதி தானா வர வேணும் எண்டு வைப்பம். பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், 2016இல இருந்து வந்தது பன்னிரண்டு எண். ரெண்டிலயும் வருசத்துக்கு அடுத்த மூண்டு எண் பிறந்த நாளைச் சொல்லும், பெண்பிள்ளையெண்டால் அதில 500 கூடியிருக்கும். இதுவரைக்கும் கனபேருக்குத் தெரியும். தெரியாதது என்னெண்டால், அந்தக் கணக்கில எல்லா வருசமும் பெப்ரவரிக்கு 29 நாள். 1995 லீப் வருசம் இல்லை. ஆனாலும் அந்த வருசம் மார்ச் 1இல பிறந்த பெடியன்ர பழைய இலக்கம் 95061 எண்டு தொடங்கும், 95060 எண்டு இல்லை. இது தெரியாத டெவலப்பர் சாதாரண கலண்டரை வைச்சு எண்ணினா அந்தப் பெடியன் மார்ச் 2இல பிறந்ததா வரும். ஒரு நாள்தான் பிழை, பார்க்கச் சரி மாதிரித்தான் இருக்கும். "மார்ச் 1 வர வேணும்" எண்டு நீங்கள் முதலே எழுதி வைச்சிருந்தாத்தான் அது பிடிபடும்.

பேரிலயும் ஒண்டு சொல்ல வேணும், இது தமிழ்ப் பிள்ளையளாகிய நாங்கள்தான் பிடிக்கக்கூடிய பிழை. சிவசுப்பிரமணியம் எண்டு எழுதி எண்ணிப் பாருங்கோ. கண்ணுக்குப் பத்து எழுத்து. யூனிகோட்டில கொம்பியூட்டர் எண்ணினா பதினாறு, ஏனெண்டால் கொம்பும் சுழியும் புள்ளியும் அதுக்குத் தனித்தனிக் குறி. பெயர்ப் பெட்டிக்குப் பதினைஞ்சு எண்டு எல்லை போட்டிருந்தா கடைசிப் புள்ளி விழுந்து, அந்த மனுசன் சிவசுப்பிரமணியம ஆகிப்போவார். "தமிழ் பிழையா வருது" எண்டு எழுதினா, தமிழ் வாசிக்கத் தெரியாத டெவலப்பர் என்ன செய்வார்? எழுத்துரு மாத்தச் சொல்லிப்போட்டு மூடிவிடுவார். அடிச்ச பேர், வந்த பேர், எத்தினையாவது குறியில வெட்டுப்பட்டது, ரெண்டுக்கும் படம். இப்பிடிக் குடுத்தா அவர் தமிழ் படிக்கத் தேவையில்லை.

2022இல கரண்ட் வெட்டின காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அப்ப ஒரு காசு கட்டுற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனான். பட்டனை அமத்தின நேரம் பார்த்து கரண்ட் போச்சு, ரவுட்டர் நிண்டிட்டுது. போன் டேட்டாவைப் போட்டுத் திருப்பி அமத்தினன். அடுத்த நாள் பார்க்க, ஒரே காசு ரெண்டு தரம் பதிஞ்சு கிடக்கு. திருப்பிச் செய்து பார்த்தா வரேல்லை. இப்பிடியான பிழையை "திரும்ப வரேல்லை" எண்டு விட்டுவிடுற வழக்கம் இருக்கு. விடாதேங்கோ. என்ர கொப்பியில "பின்னேரம் 6.10, இலங்கை நேரம், கரண்ட் போனது" எண்டு ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தைச் செய்த ஆக்களின்ர சேர்வர் கிரீனிச் நேரத்தில ஓடினது, அதில 12.40. அந்த நிமிசத்தைத் தேடிப் போய் ரெண்டு பதிவையும் பிடிச்சினம். இலங்கை நேரம் எண்ட ரெண்டு சொல்லு இல்லாட்டி அஞ்சரை மணித்தியாலம் தள்ளிப்போய்த் தேடியிருப்பினம்.

ஒரே காசு ரெண்டு தரம் பதியிறது சின்ன விசயம் எண்டு நினைக்கிற ஆளுக்கு நான் இங்கிலாந்துத் தபால் கந்தோர்க் கதையைச் சொல்லுவன். லண்டனில உங்கட சொந்தக்காரர் ஆரும் கடையோட சேர்த்துத் தபால் கந்தோர் நடத்தினா அவையிட்டயும் கேளுங்கோ, அவையளுக்கு இது வடிவாத் தெரியும். 1999இல ஹொரைசன் எண்ட கணக்கு சாப்ட்வெயரைக் கிளையளுக்குக் குடுக்கத் தொடங்கினவை, செய்தது புஜித்சு கொம்பனி. கிளையளில காசு குறையத் தொடங்கினது. சாப்ட்வெயரில பிழை இல்லை, நீங்கள்தான் எடுத்தனீங்கள் எண்டு கிளை நடத்தினவை மேல வழக்குப் போட்டினம். 2015 வரைக்கும் 900க்கு மேற்பட்ட ஆக்கள் குற்றவாளி ஆக்கப்பட்டினம். வீடு வித்தவை இருக்கினம். சீமா மிஸ்ரா எண்ட இந்தியப் பெண் 2010இல சிறைக்குப் போகேக்க வயித்தில பிள்ளை.

இனித்தான் எங்கட வேலை வருது. அந்தக் கொம்பனிக்குள்ளயே தெரிஞ்ச பிழையளின்ர பதிவேடு ஒண்டு இருந்தது. அதோட ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் தனித்தனிக் குறிப்பு. ஸ்கொட்லாந்தில கலண்டர் ஸ்குவயர் எண்ட கிளையின்ர பேரால இப்ப அறியப்படுற பிழை ஒண்டு அதுக்குள்ள கிடந்தது. ஒரு மெசினில செய்த காசு மாற்றம் மற்ற மெசினுக்குத் தெரியாமப் போக, அதே மாற்றம் திருப்பியும் பதிய, கணக்கில இல்லாத காசு குறையும். இது வருசக்கணக்கா இருக்கிற பிரச்சினை, கிழமைக்குக் கிழமை வேற வேற கிளையிலயும் வருது எண்டு ஒரு பொறியியலாளர் 2006இல எழுதியும் வைச்சிருந்தா. அந்தக் குறிப்பு அந்த ஆக்களின்ர வழக்குகளுக்கு வந்து சேரேல்லை. அலன் பேட்ஸ் எண்டவர் 555 பேரைச் சேர்த்துப் போட்ட வழக்கிலதான் வெளிய வந்தது, அதுவும் தபால் கந்தோர் தரப்பு லேசில குடுக்கேல்லை. 2019 டிசம்பரில நீதிபதி பிரேசர் அந்தக் குறிப்புகளை வரி வரியா எடுத்து வாசிச்சு, பிழையளால கிளைக் கணக்கில குறைவு வந்திருக்கு எண்டு தீர்ப்புச் சொன்னார். 2021 ஏப்ரலில மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின்ர குற்றத்தீர்ப்பை இல்லாமச் செய்தது. சீமா மிஸ்ராவும் அதில ஒரு ஆள்.

அந்தப் பொறியியலாளர் எழுதேக்க இது ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போகும் எண்டு நினைச்சிருக்க மாட்டா. அண்டையான் டிக்கெட்டை முடிக்கத்தான் எழுதினது. ஆனா திகதி இருந்தது, கிளை இருந்தது, கண்டது இருந்தது. ஆகவே பிள்ளையள், மேல இருக்கிற ஆள் வந்து, இதைக் கொஞ்சம் மெதுவா எழுது, "சில வேளை" எண்டு போடு, வாடிக்கையாளர் பார்ப்பினம் எண்டு சொன்னா, மரியாதையாக் கதையுங்கோ, ஆனா கண்டதை மாத்தாதேங்கோ. எத்தினை தரம் செய்து எத்தினை தரம் வந்தது எண்டு எழுதினா, "சில வேளை" எண்ட சொல்லுக்கே தேவை வராது.

எல்லாத்திலயும் கூடுதலா விடுபடுறது இன்னொண்டு. டெஸ்ட் முடிஞ்சு குடுக்கிற அறிக்கையில, இருநூறு கேஸ் ஓட்டினம், நூற்றித் தொண்ணூறு பாஸ் எண்டு எல்லாரும் எழுதுவினம். எதைப் பார்க்கேல்லை எண்டு எழுதுறவையைக் காணுறது அரிது. பழைய போனில பார்க்கேல்லை. தமிழில பார்க்கேல்லை. இடையில இணைப்பு அறுந்தா என்ன நடக்குமெண்டு பார்க்க நேரம் கிடைக்கேல்லை. இதை எழுதினா சோம்பேறி எண்டு நினைப்பினம் எண்டு பயப்படுறியள். என்ர அனுபவத்தில அந்த மூண்டு வரியைத்தான் நல்ல மனேஜர் முதல் வாசிப்பார், ஏனெண்டால் வெளியிடுறதா இல்லையா எண்டு அவர் முடிவெடுக்கிறது அந்த வரியளை வைச்சு. எல்லை போடாத உறுதியை வைச்சுக் காணி வாங்குவியளா?

தரங்கள் பற்றி நேர்முகத்தில கேப்பினம், அதையும் சொல்லிவிடுறன். 1983இல ஐஇஇஇ 829 எட்டு வகை டெஸ்ட் ஆவணங்களை வகுத்தது, 2013இல ஐஎஸ்ஓ 29119இன்ர மூண்டாம் பகுதி அதின்ர இடத்துக்கு வந்தது. ஒருக்கா வாசியுங்கோ. சின்ன கொம்பனியில அந்த எட்டையும் ஒருதரும் கேக்க மாட்டினம், ஒரு எக்செல் தாளே போதும்.

இண்டைக்கு இரவு ஒண்டு செய்து பாருங்கோ. உங்கட போனில இருக்கிற ஏதாவது ஒரு ஆப்பில ஒரு பிழையைக் கண்டுபிடியுங்கோ, கட்டாயம் கிடைக்கும். அதை எழுதுங்கோ. எழுதினதை டெஸ்டிங் தெரியாத ஒரு சிநேகிதிக்கோ அண்ணாவுக்கோ அனுப்பி, இதில இருக்கிறபடி மட்டும் செய்து பாருங்கோ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில நிக்க வேண்டாம். அவை எந்த இடத்தில நிண்டு உங்களுக்குப் போன் எடுத்துக் கேக்கினமோ, அந்த இடத்தில உங்கட எழுத்தில ஒரு வரி குறையுது. அதைச் சேர்த்துப்போட்டு இன்னொரு ஆளுக்கு அனுப்புங்கோ.