நகரைச் சுற்றி ஒரு கோடு

நகரம் வளர்கிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறோம். எத்திசையில் வளர்கிறது என்று கேட்பதில்லை. ஊர்ப்புறத்து வயல் மலிவாகக் கிடைக்கிறது. அங்கே வீடு கட்டுகிறோம். பத்து ஆண்டுகளில் அதற்கு அப்பாலுள்ள வயலும் மனையாகிவிடுகிறது. இப்பரவலைத் தடுக்க முனைந்த நகரங்களுள் ஒன்று, அமெரிக்காவின் மேற்கே ஆரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டு. அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

போர்ட்லாண்டுக்குத் தெற்கே வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு பரந்து கிடக்கிறது. பழங்களும் ஹேசல் கொட்டைகளும் விளையும் வளமான பூமி அது. வீட்டு மனைகள் அப்பூமியைத் தின்னத் தொடங்கியபோது, ஆளுநர் டாம் மெக்கால் அதனை வன்மையாக எதிர்த்தார். 1973-இல் மாநிலச் சட்டமன்றம் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அதன் பயனாக ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லையை வகுக்க வேண்டியதாயிற்று. போர்ட்லாண்டு வட்டாரத்தின் எல்லை 1979-இல் வரையப்பெற்றது. கோட்டுக்கு உள்ளே நகரம். வெளியே வயலும் காடும். 20 ஆண்டுகளுக்குப் போதிய நிலம் உள்ளே இருத்தல் வேண்டும் என்பது விதி. போதாதபோது கோடு சிறிது நகர்த்தப்படும்.

கோடு போடுதல் எளிது. புதிதாக வரும் மக்கள் எங்கே வாழ்வது?

அமெரிக்க நகரங்களுக்கு உள்ளேயும் வேறு சில கோடுகள் இருந்தன. இங்கே வீடு, அங்கே கடை, வேறோரிடத்தில் ஆலை என்று நிலத்தைப் பிரித்திருந்தனர். 1926-இல் யூக்ளிட் என்னும் சிற்றூரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இப்பிரிவினை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆலைப் புகை வீட்டுக்குள் வரலாகாது என்பது நல்ல நோக்கமே. ஆனால் மளிகைக் கடைக்கு என்ன புகை? அதையும் விலக்கியதால், ஒரு புட்டி பால் வாங்கவும் மோட்டாரில் ஏற வேண்டியதாயிற்று. மோட்டாருக்கு அகன்ற சாலை வேண்டும். நிறுத்த இடம் வேண்டும். அதற்கெல்லாம் நிலம் வேண்டும். ஆகவே, வெளிக்கோட்டைக் காக்க விரும்புவோர் உட்கோடுகளைத் தளர்த்தியே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு என அமைவதைக் கலப்புப் பயன்பாடு என்பர். நம் கடைத்தெருக்களை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. சட்டத்தால் தடுத்ததைச் சட்டத்தாலேயே மீட்க வேண்டியிருந்ததுதான் புதுமை!

போர்ட்லாண்டின் நடுவூரை ஒட்டிப் பழைய ரயில் முற்றமும் கிடங்குகளும் இருந்தன. ‘பேர்ல்’ வட்டாரம் என்று இன்று வழங்குவது அவ்விடமே. 1997-இல் நகராட்சியும் நிலவுடைமையாளரும் செய்துகொண்ட உடன்படிக்கை என்னைப் பெரிதும் கவர்ந்தது. ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் என்பது தொடக்க விதி. குறுக்கே நின்ற மேம்பாலச் சரிவை நகராட்சி இடித்தால் அது 87 ஆகும். டிராம் வண்டி வந்தால் 109. பூங்கா அமைந்தால் 131. மக்கள் நெருங்கி வாழ வேண்டுமானால் அதற்குரிய வசதிகளை அரசு முதலில் தருதல் வேண்டும் என்னும் நேர்மை இதில் உண்டு. 2001-இல் டிராம் ஓடத் தொடங்கிற்று. பகலில் அலுவலகத்தாரும் மாலையில் குடியிருப்போரும் வருதலால் கடைகளுக்கு இருபொழுதும் வாடிக்கை கிடைத்தது. எனினும் எல்லாத் தெருவிலும் கீழ்த்தளத்தில் கடை வைக்கக் கட்டாயப்படுத்துதல் தவறு. வாங்குவோர் இல்லாத தெருவில் பூட்டிய கதவுகளே மிஞ்சும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நடுவூருக்கு அருகே வாழ்வதைப் பலரும் விரும்பவே, வாடகை ஏறிற்று. ஆல்பைனாப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த கறுப்பின மக்களுள் பலர் நகரின் கிழக்கு விளிம்புக்குப் பெயர்ந்தனர். எல்லைக்கோடு இதற்கு எவ்வளவு காரணம் என்னும் வாதம் இன்னும் முடியவில்லை. 20 வீடுகளோ அதற்கு மேலோ கொண்ட புதுக் கட்டடங்களில் ஒரு பகுதி, வருவாய் குறைந்தோர்க்கு இயன்ற வாடகையில் அமைய வேண்டும் என்று 2017-இல் நகரம் விதித்தது. 2019-இல் மாநிலம், தனி வீட்டுக்கென்றே ஒதுக்கியிருந்த பகுதிகளிலும், பெரிய நகரங்களில் நான்கு குடும்பங்கள் வரை வாழும் வீடுகளைக் கட்ட வழிசெய்தது.

கோட்டை நகர்த்துவதா என்பதை, மக்கள் தேர்ந்தெடுத்த வட்டார மன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்கிறது. அங்கே உழவரும் கட்டடம் கட்டுவோரும் தத்தம் கட்சியை எடுத்துரைக்கலாம். ஊருக்கு இனிமேல் வரப்போகும் வாடகைக் குடியிருப்பாளர் மட்டும் அங்கே வந்து பேச இயலாது.