வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்?

(பங்கு யூபிலி ஆண்டின் குடும்ப நாளன்று ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)

 

குடும்ப வாழ்வைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி எங்கள் இருவரையும் பணித்திருக்கிறார்கள். குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்பதைப் பற்றி எங்களைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். அடுப்படி, திண்ணை, கொல்லைப்புறம் இவற்றைத் தாண்டி எங்களுக்கு அதிகம் தெரியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் எல்லார் வீட்டிலும் எழுகின்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வேளாங்கண்ணிக்கோ, சொந்த ஊர்த் திருவிழாவுக்கோ, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ குடும்பமாகப் புறப்படும்போது, "வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்?" என்கிறோமே, அந்தக் கேள்விதான்.

வீடு என்றால் பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் இருக்கும் உயிர்களுக்கு யார் பூட்டுப் போடுவது? எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எங்கள் தாயார் ஒருவர். குடும்ப அட்டையில் உள்ள கணக்கு இது. அட்டையில் இடம் பெறாதவர்கள், மணி என்கிற நாய், பெயர் ஏதும் வைக்காமலே நான்கு ஆண்டுகளாக வீட்டை ஆண்டு வரும் ஒரு பூனை, ஆறு கோழிகள். ஆறு என்பது இன்று காலைக் கணக்கு. மாலைக் கணக்கு, பக்கத்துத் தோப்பில் இருக்கும் கீரிப்பிள்ளையின் மனத்தைப் பொறுத்தது.

இவற்றுள் பூனையால் தொல்லையில்லை. கிண்ணத்தில் தண்ணீரும், அண்டை வீட்டில் கொஞ்சம் கருவாட்டு வாசனையும் இருந்தால் போதும். நாம் ஊரிலிருந்து திரும்பி வரும்போது, "நீங்கள் போயிருந்தீர்களா?" என்று கேட்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். கோழி அப்படியல்ல. அடை வைத்துவிட்டால் 21 நாள். அந்த நாட்களில் கோழி தீனிக்குக்கூட நேரம் பார்த்துத்தான் எழுந்திருக்கும். வீட்டில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். இரயிலுக்கு முன்பதிவு செய்யும்போது நாங்கள் நாட்காட்டியை ஒருமுறையும் கோழிக் கூடையை ஒருமுறையும் பார்த்துக்கொள்வோம். நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கிய அன்றே மணிக்குச் சோறு இறங்காது. வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்ளும்.

"நாயையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரயில்வேயில் இதற்கு இடமுண்டு. முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாக எடுத்துக்கொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க்கென்று உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். நாம் போகிற சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியில் அனுமதியில்லை. முதல் வகுப்பு அறை முழுவதும் எடுப்பதற்கு நம்மில் எத்தனை பேருக்கு வசதி? கூண்டுக்குள் இரவெல்லாம் இருட்டில் குலுங்கிக்கொண்டு வருவது நாய்க்குப் பயணமா, தண்டனையா? வாடகைக் காரில் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "திருப்பலி முடிந்ததும் வந்துவிடுவோம்" என்று வெயிலில் நிறுத்திய காருக்குள் நாயை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விடாதீர்கள். நமக்கு உடலெல்லாம் வியர்க்கிறது; நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். மூடிய காரில் சில நிமிடங்களிலேயே அதன் உயிருக்கு ஆபத்து.

குடும்பப் பயணத்தில் நாய் போன கதை நம் விவிலியத்திலேயே இருக்கிறது. தோபித்து நூலை எடுத்துப் பாருங்கள். நினிவேயிலிருந்து இளைஞன் தோபியா மேதியாவுக்குப் புறப்படுகிறான். வழித்துணையாக வருபவர் வானதூதர் இரபேல். அவர்களோடு நாயும் போகிறது. வேதாகமத்தில் நாய் என்றாலே பெரும்பாலும் இழிவாகத்தான் வரும். இங்கே ஒரு நாய் குடும்பத்தில் ஒருவர்போல் வழிநடக்கிறது. திரும்பி வரும்போதும் இருக்கிறது. பழைய இலத்தீன் பதிப்பில் அது முன்னால் ஓடிவந்து, வாலை ஆட்டிச் செய்தி சொல்வதாகவே வருகிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினால் மறுமுறை வாசிக்கச் சொல்வார்கள்.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது நாயைப் பற்றியல்ல. அதே நூலில், பயணம் போகாதவர் ஒருவர் இருக்கிறார். தோபியாவின் தாய் அன்னா. மகன் புறப்படும்போது அழுகிறார். அவன் வரவேண்டிய நாள் கடந்த பின்பு அவன் போன வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோபியா மேதியாவில் பெண் பார்த்து, மணம் முடித்து, 14 நாள் விருந்தும் உண்கிறான். அன்னா வீட்டில் இருக்கிறார். கண் தெரியாத கணவரையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே.

நம் பங்கிலும் எத்தனை அன்னாக்கள்! "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கய்யா. கோழி குஞ்சு இருக்கு, நாய் இருக்கு. நான் இங்கன இருந்துக்கிறேன்." எந்த வீட்டிலும் இந்தக் குரல் ஒரே ஆளுடையதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில் தாய். திருமணமாகாத அத்தையோ சித்தியோ இருந்துவிட்டால் பேச்சே இல்லை. அவர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை. குடும்பத்தோடு போய் வந்தோம் என்று நாம் காட்டுகிற படங்களில் இவர்கள் இருக்கமாட்டார்கள். விருப்பத்தோடு தங்குகிறவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. மூட்டுவலி, கூட்டம், கழிவறைக்கு வரிசையில் நிற்பது, இவையெல்லாம் வயதானவர்களுக்குச் சிறிய காரணங்கள் அல்ல. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு விடுவது ஒன்று. கேட்காமலே விட்டுவிடுவது வேறொன்று.

எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவர் தங்க வேண்டும். சின்னவனைத் தனியாக விட முடியாது. அவன் முறை வரும்போது எங்களில் ஒருவரும் கூடத் தங்குவோம். பெரியவளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவள்தான் தெருவிலிருந்து மணியைத் தூக்கி வந்தவள்.

முதல் ஆண்டு எங்களில் ஒருவர் தங்கி, தாயாரை வேளாங்கண்ணிக்கு அனுப்பினோம். மகிழ்ந்து போனார் என்று சொன்னால் பொய்யாகும். மூன்று நாளில் ஏழு முறை தொலைபேசியில் பேசினார். ஒருமுறைகூடத் தம் மகன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை. கோழி அடைந்ததா, கூடையைக் கவிழ்த்தாயா, மணிக்குத் தண்ணீர் வைத்தாயா, இவைதான். இரண்டாம் நாள் மாலை கடற்கரைக்கு அழைத்துப் போனோம். முழங்காலளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். இருட்டும்வரை ஏறவில்லை. பேத்தி போய்க் கையைப் பிடித்தபோது, "கலியாணத்துக்கு முந்தி எங்க அப்பாரோட நடந்தே வந்தேன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்" என்றாராம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இரயில் 2010இல்தான் வந்தது. அவர் காலத்தில் கால்நடைதான். எத்தனை நாள் நடந்தார்கள், எங்கே சோறாக்கினார்கள், காலில் கொப்புளம் வந்தபோது அவர் தந்தை என்ன பச்சிலை கட்டினார் என்றெல்லாம் அன்றிரவு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தப் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை.

தங்குகிறவர் வீட்டாராக இல்லாமல் அண்டை வீட்டாராக இருந்தால், சாவியோடு சில செய்திகளையும் ஒப்படைக்க வேண்டும். அன்பின் மிகுதியால் பிரியாணி எலும்பைப் போடுவார்கள். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து நாயின் தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டு ஆகியவையும் நாய்க்கு ஆகாது.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் அதை யார் கையிலும் ஒப்படைக்கக் கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். எங்கள் தெருவில், ஊருக்குப் போனவர்களின் நாய்க்குச் சோறு வைக்கப் போன ஒரு சிறுவனைப் பல் கீறிவிட்டது. சிறு கீறல்தானே என்று சுண்ணாம்பு தடவிவிட்டார்கள். ஒரு மூதாட்டி சத்தம் போட்டுத்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். பையன் நலமாக இருக்கிறான். இதோ, இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் வேண்டாம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று அங்கே தோலில் ஊசி போடுகிறார்கள். காயம் ஆழமானால் அதோடு வேறு மருந்தும் உண்டு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை நம் நாட்டில் நிறுத்தி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நோய் வெளிப்பட்டுவிட்டால் மீட்பது ஏறக்குறைய இயலாது. அதற்கு முன்பே போட்டுக்கொண்டால் அநேகமாக அனைவரும் பிழைக்கிறார்கள். இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நேரமாகிவிட்டது என்று மணியடிக்கிறார்கள். இவ்வாண்டு மாதா திருவிழாவுக்கு முறைப்படி தங்க வேண்டியவர் எங்கள் இருவரில் ஒருவர். யார் என்று வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் எங்கள் தாயார் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆகஸ்டு 18ஆம் நாள் கோழியை அடை வைத்தால், மாதாவின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8ஆம் நாள் குஞ்சு வெளிவருமாம். தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடும்படி கேட்டிருக்கிறோம்.